மேற்கே ஒரு புலிவேட்டை

தலைப்பைக் கண்டு யாரும் பதறவேண்டாம். என் கையில் துப்பாக்கி இல்லை. ஒரு நிலப்படமும் ஒரு குடையும் சிவப்பு எழுதுகோலும் இருந்தன, அவ்வளவே. தொடக்கநிலை ஐந்தில் பயிலும் என் தமிழ் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு, சிங்கப்பூரின் மேற்கே புலித்தடம் தேடிப் போய்வந்த கதை இது.

கட்டுரைப் பாடத்தில் புலியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "புலி இந்தியாவில்தானே இருக்கிறது டீச்சர், இங்கே விலங்குத் தோட்டத்தில் மட்டும்தானே?" என்றாள் ஒரு சிறுமி. "சிங்கப்பூர்க் காட்டில் திரிந்த கடைசிப் புலியை 1930 அக்டோபரில் சுவா சூ காங் கிராமத்தில் சுட்டார்கள்" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. சுவா சூ காங்கில் அத்தை வீடு இருக்கும் மாணவன் ஒருவன் மட்டும், "எந்த புளோக்?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்விக்காகவே அவர்களை அங்கே அழைத்துச் செல்வதென முடிவுசெய்தேன். வழிகாட்டியுடன் கூடிய கற்றல் பயணத்துக்கு ஒரு நிறுவனம் சொன்ன கட்டணம் மலைக்க வைத்தது; அவர்களிடம் தமிழ் தெரிந்த வழிகாட்டியும் இல்லை. சரி, நாமே திட்டமிடுவோம் என்று துணிந்தேன். இத்தனைக்கும் நான் பிடோக்வாசி. தீவின் மேற்குப் பக்கம் எனக்கு ஏறக்குறைய அயல்நாடு.

வேட்டைக்குப் போகிறவர் முதலில் அறியவேண்டியது, விலங்கு ஏன் அங்கே வந்தது என்பதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் காட்டை அழித்துக் காம்பியர், மிளகுத் தோட்டங்களை இட்டார்கள். காம்பியர் இலையைக் கொதிக்கவைக்க ஓயாமல் விறகு வேண்டும். மண்ணும் சில ஆண்டுகளில் சத்திழந்துவிடும். ஆகவே தோட்டங்கள் காட்டுக்குள் மேலும் மேலும் நகர்ந்தன. ஜோகூர் நீரிணையை நீந்திக் கடந்துவந்த புலிகளுக்குப் புதர்களிடையே குனிந்து வேலைசெய்த மனிதர்கள் எளிய இரையானார்கள். 1854-இல் புக்கிட் தீமாவில் தங்கி வண்டு பிடித்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், சராசரியாக நாளுக்கு ஒருவர் புலிக்குப் பலியாவதாகச் சொல்லப்பட்டதை எழுதியிருக்கிறார். புலி பிடிக்கத் தோண்டிய குழிகளையும் அவர் வருணிக்கிறார்: 15, 20 அடி ஆழம், வாய் குறுகி அடி அகன்றிருக்கும், மேலே குச்சியும் தழையும் மூடியிருக்கும். முன்பு அடியில் கூரிய முளையும் நட்டிருந்தார்களாம். வழிப்போக்கர் ஒருவர் அதில் விழுந்து இறந்தபின் முளைக்குத் தடை வந்தது. பிள்ளைகளுக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நம் தொழிலைச் சேர்ந்தவர் ஒருவரும் புலி சுட்டிருக்கிறார். 1902 ஆகஸ்டில், கண்காட்சியிலிருந்து தப்பிய புலி ஒன்று ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில் புகுந்துகொண்டது. சுடுவதற்கு அழைக்கப்பட்டவர் ராஃபிள்ஸ் கல்விநிலையத் தலைமையாசிரியர் சி. எம். ஃபிலிப்ஸ். முதல் குண்டுகள் தவறினாலும் இறுதியில் வீழ்த்திவிட்டார். ஆசிரியரைக் கூப்பிட்டால் எந்த வேலையும் நடக்கும் என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது!

நிற்க. என்னைத் தடுமாறவைத்த இடத்துக்கு வருகிறேன்.

நேஷனல் கேலரியில் ஓர் அச்சோவியம் உண்டு, ஹைன்ரிச் லாய்டமன் வரைந்தது. 1835-இல் கோல்மன் என்ற கட்டடக் கலைஞர் காட்டில் நிலம் அளந்துகொண்டிருந்தபோது புலி பாய்ந்த காட்சி. அளவைக் கருவி சரிகிறது. சுற்றிலும் ஆட்கள் விழுகிறார்கள். அந்த ஆட்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் வங்காளம், சென்னை மாகாணங்களிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள், சாலைகளையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டியவர்கள். புலித்தொல்லை முற்றியபோது அவர்களிலேயே சிலரைத் தெரிந்தெடுத்து, துப்பாக்கி கொடுத்து, குழுக்களாகக் காட்டுக்குள் அனுப்பியது அரசு. கைதிகளைக் கண்காணித்த மேஜர் மெக்நேர் 1899-இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். இத்தீவின் புலிவேட்டைக் கதையில் நம்மவருக்குள்ள பங்கு அதுவே.

ஆனால் என் வகுப்பில் ஒரு மாணவனின் தந்தை சிறையில் இருக்கிறார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பெற்றோர் சந்திப்பில் அவன் தாய் தாழ்ந்த குரலில் சொன்ன செய்தி அது. பிற பிள்ளைகளுக்குத் தெரியாது. 'கைதி' என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதினால் அவன் முகம் எங்கே திரும்பும்? சக ஆசிரியை ஒருவர், "தொழிலாளர் என்று போட்டுவிடுங்களேன், பொய்யில்லையே" என்றார். அப்படியே பயிற்சித்தாளில் அச்சிட்டுவிட்டேன். இரவில் அதைப் படித்தபோது, துப்பாக்கி ஏந்திய தொழிலாளர் என்பது எனக்கே புரியாத வாக்கியமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வழி பார்க்கக் கிளம்பினேன். லிட்டில் இந்தியாவில் தோசை. அங்கிருந்து டௌன்டவுன் பாதையில் ஹில்வியூ. பிறகு நடந்து டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்கா. நிலப்படத்தில் விரற்கடை நீளமிருந்த வழி, வெயிலில் அரைமணி நேரமானது. குறுக்கே ஒற்றையடிப் பாதை ஒன்று தெரிந்தது. ஆசிரியப் புத்தி, சுருக்குவழி என்றதும் நுழைந்துவிட்டேன். இருபதடி போயிருப்பேன், புதரிலிருந்து உறுமல். காட்டுப்பன்றி, பின்னால் நான்கு குட்டிகள். 2023-இல் புக்கிட் பாஞ்சாங்கில் பன்றி தாக்கிக் காயமுற்றவர்களைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வர, முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடந்து வெளியேறினேன். மறுநாள் இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் 'விலங்குகள்' என்ற கட்டத்தை முதன்முறையாக நேர்மையாக நிரப்பினேன். சுருக்குவழி நீங்கியது, உணவுப் பொட்டலத்தைப் பூங்காவுக்குள் பிரிக்கக்கூடாது என்ற விதி சேர்ந்தது, மழைக்கு ஒதுங்குமிடமும் கழிப்பறையும் சிவப்பு மையில் ஏறின. பெற்றோர் இருவர் துணைக்கு வருவதாக ஏற்பாடு.

அதன்பின் அந்தத் தாயைத் தொலைபேசியில் அழைத்தேன். பாடத்தில் கைதிகள் வருகிறார்கள் என்று சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "வேறு யாராவது சொல்லி அவன் கேட்பதற்கு, நீங்களே சொல்லுங்கள் டீச்சர்" என்றார். பயிற்சித்தாளைத் திருத்தி மறுபடி அச்சிட்டேன்.

பயண நாளன்று மரநிழலில் அமர்ந்து அந்தக் கதையைச் சொன்னேன். கைதி என்ற சொல்லைச் சொல்லும்போது நான் யாரையும் பார்க்கவில்லை. அவனேதான் கை தூக்கினான்.

"துப்பாக்கி கொடுத்தால் ஓடிப்போக மாட்டார்களா?"

"நம்பிக்கையான ஆட்களைத்தான் அனுப்பினார்கள். சிறையில் காவல் பார்த்தவர்களிலும் பெரும்பாலோர் கைதிகளே."

"அப்புறம் வீட்டுக்குப் போனார்களா?"

1873-இல் அந்தக் கைதிக் குடியேற்றம் மூடப்பட்டதையும், விடுதலை பெற்ற பலர் இங்கேயே தங்கி, மாடு வளர்த்தும் வண்டியோட்டியும் பிழைத்ததையும் சொன்னேன். அவன் தலையசைத்துவிட்டுக் குனிந்து ஏதோ எழுதினான். என்ன எழுதினான் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து இலகு ரயிலேறிச் சுவா சூ காங்கில் இறங்கியபோது பிள்ளைகளுக்குச் சற்றே ஏமாற்றம். எங்கும் அடுக்குமாடி வீடுகள். அத்தை வீட்டுக்காரன் மட்டும், புலி படுத்திருக்கக்கூடிய இடமென்று ஒரு கார் நிறுத்துமிடத்தைக் காட்டி எல்லாரையும் மகிழ்வித்தான்.

பள்ளிக்குத் திரும்பியதும் அந்த மாணவன் என் மேசைக்கு வந்தான். "டீச்சர், உங்கள் மேப் ஒன்று கிடைக்குமா? டிசம்பர் விடுமுறையில் அப்பாவை அங்கே கூட்டிப்போகணும்."

என்னுடைய படத்தையே கொடுத்தேன். பன்றி நின்ற இடத்தைச் சிவப்பு மையில் இன்னொரு முறை வட்டமிட்டு.