மூவாற்று நகரின் காவற்கலை

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மேற்கெல்லையை அண்டி அமைந்த பெருநகர் பிற்ஸ்பேர்க். அலகேனி, மொனொங்ககீலா என்னும் இரு நதிகள் இங்கே கலந்து ஒகாயோ என்னும் மூன்றாம் நதியாகின்றன. ஒரு காலத்தில் இவ்வாற்றங்கரைகளில் உருக்காலைகள் இரவும் பகலும் தீ உமிழ்ந்தன. 1980ஆம் ஆண்டை அடுத்து அவற்றுட் பல மூடப்பட்டன, பல்லாயிரவர் தொழிலிழந்தனர். எனினும் நகரின் பந்தாட்டக் குழு இன்றும் உருக்குத் தொழிலாளரைக் குறிக்கும் 'ஸ்டீலர்ஸ்' என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. உருக்குத் தொழிலின் சின்னம் ஆட்டக்காரர் தலைக்கவசத்தின் ஒரு பக்கத்தில் மாத்திரம் பொறிக்கப்பட்டிருக்கும்.

1877ஆம் ஆண்டிலே தொடங்கிய சரிவு வண்டியொன்றில் அமர்ந்து, நகருக்குத் தெற்கேயுள்ள குன்றின் உச்சியை அடைந்தோம். கீழே மஞ்சள் வண்ணப் பாலங்கள். ஆறுகள் கூடுமிடத்தின் வடகரையில், 2001இல் திறக்கப்பட்ட விளையாட்டரங்கு. அதனை நோக்கிக் கறுப்பும் பொன்னிறமும் அணிந்த மக்கள் வெள்ளம் சென்றுகொண்டிருந்தது. நாமும் இறங்கி அதனுடன் கலந்தோம்.

அமெரிக்க உதைபந்தாட்டத்திற் பந்தை உதைப்பது அரிது. ஏந்தி ஓடுவதும் எறிவதுமே பெரும்பான்மை. பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை உடையோர் நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் முன்னேறல் வேண்டும். அவர்களை நடத்துபவர் குவாட்டர்பக். அவருக்கு முன்னே ஐந்து பெருவுடலர் அரணாக நிற்பர். பந்தை ஏற்போர் நாற்புறமும் ஓடுவர். எறிவதற்கு அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிகளே.

அந்த விநாடிகளையும் பறிப்பதற்காகக் காவற்பக்கத்தார் வழமையான நால்வருக்கு மேலாக ஐவரையோ அறுவரையோ ஒருங்கே பாயவிடுவதுண்டு. மின்னற்போரைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து அதற்குப் 'பிளிற்ஸ்' என்று பெயர் வந்தது. ஆனால் வேட்டைக்கு அதிகம் பேர் சென்றால் வீட்டைக் காப்போர் குறைவர். எஞ்சியோர் ஆளுக்கு ஓர் எதிரியைத் தனித்துக் காக்க நேரிடும். ஒருவர் இடறினாலும் துணைக்கு வர ஆளில்லை. மேலும், பாய்ந்தவன் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நோக்கியே தேர்ந்த குவாட்டர்பக் விரைந்து எறிந்துவிடுவார்.

இவ்விடர்ப்பாட்டுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் டிக் லெபோ. 1959 முதல் 1972 வரை டிற்றோயிற் குழுவிற் பின்வரிசைக் காவலராக விளையாடி, எதிரியின் எறிகளில் 62ஐ இடைமறித்துப் பிடித்தவர் அவர். 1980களில் சின்சினாற்றிக் குழுவின் பயிற்றுநராயிருந்தபோது, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகக் குழுவை நடத்திய பில் ஆன்ஸ்பாகரிடம் சென்று ஆலோசித்தார். எதிரியை நெருக்கவும் வேண்டும், பின்புறம் பாழாகவும் கூடாது என்னும் கருத்து அங்கே வலுப்பெற்றது. லெபோ அதனை ஒரு முழு முறையாக வளர்த்தார். 1992இல் அவர் பிற்ஸ்பேர்க் வந்து சேர்ந்தார். நகரின் பெயரையே திரித்து 'பிளிற்ஸ்பேர்க்' என மக்கள் அழைக்கும் அளவுக்கு அப்பாய்ச்சல் அங்கே புகழ் பெற்றது.

முறையின் கணக்கு எளியது. நடுவரிசைக் காவலர் இருவர் ஒரு பக்கத்தாற் பாய்வர். அதே கணத்தில், மறுபக்கத்து முன்வரிசையில் நின்ற, 300 இறாத்தலை எட்டும் பெருவுடலர் ஒருவர் பாய்வதுபோற் காட்டிப் பின்வாங்குவார். பாய்வோர் ஐவர், அண்மை வெளியைக் காப்போர் மூவர், சேய்மையைக் காப்போர் மூவர். ஆளைக் காவாது இடத்தைக் காப்பதால் ஒருவர்க்கொருவர் துணையாவர். வெற்றிடம் என நம்பி எறியப்படும் பந்தின் வழியிலே அப்பெருவுடலர் எழுந்து நிற்பார்!

அரங்கில் நாம் கண்டதும் இம்மறைப்பின் அழகையே. பந்து புறப்படுமுன் காவலர் முன்வருகின்றனர்; நிற்கின்றனர்; பின்செல்கின்றனர். எவர் பாய்வார், எவர் தங்குவார் என்பது எதிரிக்கு விளங்குவதில்லை.

இக்கலையின் உச்சத்தை 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் நாள் புளோரிடாவின் டாம்பா நகரில் உலகம் கண்டது. சுப்பர் போல் இறுதிப்போட்டி. முதற்பாதி முடிய 18 விநாடிகளே இருந்தன. 10க்கு 7 எனப் பிற்ஸ்பேர்க் முந்தி நின்றது. ஆயினும் அரிசோனாக் குழு எல்லைக்கோட்டிலிருந்து ஒரே யார் தூரத்தில் நின்றது. ஜேம்ஸ் ஹரிசன் பாயவேண்டுமென்பதே திட்டம். தொழிற்குழுக்களின் ஆண்டுத் தெரிவில் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாமல், பலமுறை விலக்கப்பட்டு மீண்டவர் இவர். பாய்வதுபோற் காட்டிய ஹரிசன் பின்வாங்கி, கேர்ட் வோர்ணர் எறிந்த பந்தைக் கைப்பற்றி, மறுகோடிவரை 100 யார் ஓடி வீழ்ந்தார். முதற்பாதியும் அத்துடன் முடிந்தது. இறுதியில் 27க்கு 23 எனப் பிற்ஸ்பேர்க் வென்றது.

திட்டத்தை மீறியது குற்றமன்றோ எனச் சிலர் வினவலாம். அவர் செய்தது ஆசான் பல்லாண்டு பயிற்றிய பாடத்தையே. கணத்தை அறிந்து அதனைத் தாமே எடுத்தாண்டார். ஆயினும் எந்தக் கலையும் ஒருவருக்கே உரித்தாய் நின்றுவிடுவதில்லை. 2011இல் பிற்ஸ்பேர்க்கை 31க்கு 25 என வென்ற கிறீன் பே குழுவின் காவற்பயிற்றுநர் டொம் கேப்பர்ஸ், முன்னர் இதே பிற்ஸ்பேர்க்கில் லெபோவுடன் பணியாற்றியவரே.

2010 ஓகஸ்ற் மாதம், ஒகாயோ மாநிலத்துக் கன்ரன் நகரிலுள்ள புகழ் மண்டபத்தில் லெபோ சேர்க்கப்பட்டபோது ஸ்டீலர்ஸ் குழுவினர் திரண்டு சென்று வாழ்த்தினர். முன்னே பாய்பவனுக்கே கைதட்டல் கிடைக்கும் ஆட்டம் இது. பெருவலி படைத்த ஒருவன் தன் பாய்ச்சலை விட்டுப் பின்சென்று, கண்ணுக்குப் படாத காவலை ஏற்க வேண்டுமாயின், தான் விட்ட இடத்தைத் தோழன் நிரப்புவான் என்னும் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கையை வளர்த்த ஆசானுக்கு மாணவர் செலுத்திய நன்றியாகவே அப்பயணத்தை நாம் கருதுகின்றோம்.