தமாசுக்குச் சொன்னேன் சார்!

டேரன் சமியை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? செயின்ட் லூசியா தீவுக்காரர். வெஸ்ட் இண்டீஸுக்கு 2012, 2016 என்று இரண்டு தடவை டி20 உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கேப்டன். ஐ.பி.எல்.லில் ஹைதராபாத் சன்ரைசர்ஸ் அணிக்கு ஆடியபோது, கூட ஆடிய சிலர் அவரை 'காலு' என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் ஒரு சிரிப்பு எழும். மனுஷர் தானும் சேர்ந்து சிரித்திருக்கிறார். காலு என்றால் நல்ல பலசாலிக் குதிரை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்!

2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு, உலகமே நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில்தான், ஒரு டி.வி. நிகழ்ச்சியைப் பார்த்து அவருக்கு உண்மையான அர்த்தம் தெரிந்தது. கருப்பன். கொதித்துப்போய், 'அப்படிக் கூப்பிட்டவர்கள் என்னோடு பேசுங்கள்' என்கிற தோரணையில் வீடியோ போட்டார். ஒருவர் பேசினார். அன்பாகத்தான் கூப்பிட்டோம் என்று அவர் விளக்கியதை சமி ஏற்றுக்கொண்டார். விவகாரம் அத்தோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. அன்பாகவே இருக்கட்டும். இத்தனை வருஷம் அர்த்தம் தெரியாமல் அந்த மனுஷர் சிரித்த சிரிப்புக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது கிரிக்கெட் அல்ல. எர்ணாவூர் பக்கம் ஒரு டீக்கடை.

அந்த ஏரியா பக்கம் வந்திருக்கிறீர்களோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு என்று பேர்தான் எக்ஸ்பிரஸ். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் அரை கிலோமீட்டர் தாண்ட அரை மணி நேரம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் யார்டு, கோடவுன், தொழிற்சாலை. ஒரு காலத்தில் இந்தக் கம்பெனிகளுக்கு திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிளில் ஆட்கள் போவார்கள். இப்போது பிகார், ஒடிசா, ஜார்கண்ட், அசாம். காலை ஆறு மணிக்கு டீக்கடையில் காது கொடுத்தால் நாலு பாஷை கேட்கும்.

அந்தக் கடைக்கு அசாம் பையன் ஒருவன் வருவான். இருபத்திரண்டு வயசு இருக்கும். கன்டெய்னர் யார்டில் வேலை. அவன் தலை தெரிந்ததும் மாஸ்டர், "டேய் சைனா! கண்ண தொறந்து பார்த்து வாடா, லாரி வருது" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பையனும் சிரிப்பான். தினமும் அதே டயலாக், அதே சிரிப்பு.

இங்கே நான் மாஸ்டரை வில்லனாக்கிவிட்டு உங்களிடம் கைதட்டல் வாங்கியிருக்கலாம். ஆனால், மாஸ்டர் வில்லன் இல்லை சார். பையனுக்கு யார்டில் கை நசுங்கியபோது கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லிக்குக் கூட்டிப்போனவர் இந்த மாஸ்டர்தான். ஒரு மாசம் கணக்குப் பார்க்காமல் சாப்பாடு போட்டவரும் அவர்தான். "இன்னா சார் நீ, அவன் நம்ம புள்ள மாதிரி. தமாசுக்கு சொல்றது. அவனே சிரிக்கிறான், உனக்கு இன்னா கஷ்டம்?" என்றார் என்னிடம்.

நியாயமான கேள்வி. அவனே சிரிக்கிறானே?

அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பி.காம். முடித்து முதல் வேலைக்கு இன்டர்வியூ போனபோது, விண்ணப்பத்தில் திருவொற்றியூர் விலாசத்தைப் பார்த்த அதிகாரி, "நார்த் மெட்ராஸா? கத்தியை வாசல்லயே வெச்சுட்டு வந்தியாப்பா?" என்றார். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை வேணுமே! அவர் நல்லவர். வேலையும் கொடுத்தார். சிரித்ததற்காக எனக்கு வெட்கமும் கிடையாது. ஆனால், சிரிப்பைச் சம்மதம் என்று யாராவது எழுதிக்கொண்டால், அந்தப் பத்திரத்தில் என் கையெழுத்து இல்லை.

2025 செப்டம்பர் 30. எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். செய்தி வந்த ராத்திரி மாஸ்டர் துடித்துவிட்டார். பையன் அடிக்கடி ஊர்க்காரர்களோடு வெவ்வேறு சைட்டுக்குப் போகிறவன். ரெண்டு நாளாகக் கடைக்கும் வரவில்லை. மறுநாள் செத்தவர்கள் பட்டியல் வந்தது. என்னைக் கூப்பிட்டு, "படிச்சுச் சொல்லு சார்" என்றார். படித்தேன். எல்லாம் முழுப் பெயர்கள்.

"நம்ம பையன் பேரு என்ன மாஸ்டர்?"

மாஸ்டர் கடன் நோட்டை எடுத்தார். ரெண்டு வருஷக் கணக்கு. பக்கத்துக்குப் பக்கம், தேதி தவறாமல், அவர் கையெழுத்தில் 'சைனா' என்று இருந்தது.

பையன் பிழைத்தான். அவன் அந்த சைட்டுக்கே போகவில்லை, காய்ச்சலில் படுத்திருந்தான். ஆனால், அது தெரிகிறவரை ஒரு பகல் முழுக்க, பிள்ளை மாதிரி என்று சொன்ன ஒருவனைப் பட்டியலில் தேட முடியாமல் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். பிற்பாடு என் ஓட்டை இந்தியில் பையனிடம் கேட்டேன், அப்படிக் கூப்பிடுவது பிடிக்கிறதா என்று. தோளைக் குலுக்கினான். "அவர் நல்லவர். ஆனா நான் இந்தியன்னு அவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல" என்றான்.

சரி, இதற்கு என்ன தண்டனை?

சட்டத்தைப் புரட்டினேன். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, 1989-ல் வந்தது. 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உட்பிரிவுகள். ஒன்று, பொதுப் பார்வையில் இழிவுபடுத்தும் 'நோக்கத்தோடு' அவமானப்படுத்தினால் குற்றம் என்கிறது. அடுத்தது, அதே பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினாலே குற்றம் என்கிறது. நோக்கம் என்ற வார்த்தையே அதில் கிடையாது. இரண்டுக்கும் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை ஜெயில். 2008-ல் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு நல்ல காரியம் செய்தது. சாதிப் பெயருக்கு அகராதியில் பழைய அர்த்தம் என்ன என்று பார்க்காதே, இன்று ஜனங்கள் அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார் என்றது.

கிண்டல் கோர்ட்டுக்குப் போன கதையும் உண்டு. யுவராஜ் சிங் 2020-ல் ரோஹித் சர்மாவோடு இன்ஸ்டாகிராமில் அரட்டை அடித்தபோது, சஹலைப் பற்றி ஒரு சாதிப் பெயரைச் சொல்லிச் சிரித்தார். நண்பர்கள் பேச்சு, யாரையும் புண்படுத்தும் எண்ணமில்லை என்று வருத்தம் தெரிவித்தார். ஹரியானாவில் வழக்குப் பதிவானது. 2021 அக்டோபரில் முறைப்படி கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். கிண்டலுக்கு ஆளான சஹல் புகார் கொடுக்கவில்லை. அந்தச் சாதிப் பெயரை வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறவர்கள் சார்பில்தான் புகார் போனது. நண்பனுக்குச் சொன்னது நண்பனோடு நிற்பதில்லை, பாருங்கள்.

ஆனால், முகத்தையும் ஊரையும் வைத்துச் செய்யும் கேலிக்கு? 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியாவின் தலைமுடியை டெல்லி லஜ்பத் நகர் கடையொன்றில் கிண்டல் செய்தார்கள். கோபத்தில் அவர் கண்ணாடியை உடைத்தார். அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். நாடு அதிர்ந்தது, பெஸ்பருவா தலைமையில் கமிட்டி போட்டார்கள். இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினால் தண்டிக்க இ.பி.கோ.வில் புதிய பிரிவுகள் வேண்டும் என்று அதே வருஷம் கமிட்டி சொன்னது. பிறகு இ.பி.கோ.வையே தூக்கிவிட்டு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனத்தின் பேரால் கொலை செய்தால் அதில் தனிப் பிரிவு இருக்கிறது. கமிட்டி கேட்ட பிரிவு வரவில்லை. கொன்ற பிறகு வா என்கிறார்கள்!

உடனே, மாஸ்டரை உள்ளே போடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். போட்டால் பையனுக்கு நாளைக்கு யார் கடன் கொடுப்பது? தவிர, இந்த மாதிரிச் சட்டம் வந்தால் முதலில் மாட்டுகிறவன் டீக்கடைக்காரன்தான். 2007-ல் 'சிவாஜி' படத்தில், பாரி மன்னனின் மகள்களான அங்கவை, சங்கவையின் பெயரை இரண்டு பெண்களுக்கு வைத்து, கருப்பு மை பூசி, ஹீரோ பார்த்து அலறுவதாகக் காமெடி எடுத்தார்கள். தியேட்டரே சிரித்தது. மானமுள்ள சிலர் எழுதிக் கண்டித்தார்கள், அவ்வளவுதான். சென்சாரில் ஒரு தடையும் வரவில்லை. அதே சென்சார், வடக்கிலிருந்து வந்தவனை வெறுக்கும் ஒரு தமிழனைப் பற்றி பாஸ்கர் சக்தி பொறுப்போடு எடுத்த படத்துக்கு 'வடக்கன்' என்ற தலைப்பு கூடாது என்றது. 2024-ல் அது 'ரயில்' என்று பெயர் மாறி வந்தது. வார்த்தையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

நான் படித்த பி.காம்.மில் ஆடிட்டிங் என்று ஒரு பாடம். முதல் அத்தியாயத்திலேயே பிழை வேறு, மோசடி வேறு என்று பிரித்துவிடுவார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான், நோக்கம். ராமசாமி கணக்கில் எழுத வேண்டியதை கிருஷ்ணசாமி கணக்கில் கவனமில்லாமல் எழுதினால் பிழை. தெரிந்தே எழுதினால் மோசடி. மோசடிக்குத்தான் ஜெயில். ஆனால் சார், பிழை என்று தெரிந்ததும் ஆடிட்டர் 'பரவாயில்லை, நல்ல எண்ணத்தில் எழுதியதுதானே' என்று விட்டுவிட மாட்டார். திருத்தப் பதிவு போட்டே ஆக வேண்டும். அதே குமாஸ்தா அதே பிழையை அடுத்த மாசமும் செய்தால்? அதற்கடுத்த மாசமும்? அப்போது ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு மாதிரிப் பார்ப்பார்.

நோக்கத்துக்கு நான் கொடுக்கிற இடம் அவ்வளவுதான். தண்டனையின் அளவைக் குறைக்க அது உதவட்டும், கணக்கையே மூட உதவ வேண்டாம். ஒருமுறை 'வலிக்கிறது' என்று சொன்ன பிறகும் தொடர்ந்தால், அதற்கப்புறம் 'தமாசு' என்ற சாட்சியை நான் ஏற்க மாட்டேன். இதற்கு ஜெயில்தான் வேண்டுமென்பதும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் பெண்களிடம் ஆபாச ஜோக் அடித்தால் 2013 சட்டப்படி கமிட்டி விசாரிக்கிறது. 'நீ என்ன நினைத்துச் சொன்னாய்' என்று அந்தச் சட்டம் ஆரம்பிக்கவில்லை. 'அவள் விரும்பினாளா' என்று ஆரம்பிக்கிறது. எச்சரிக்கை, மன்னிப்புக் கடிதம், சம்பள உயர்வு நிறுத்தம் என்று படிப்படியாகப் போக வழி இருக்கிறது. யார்டில் ஒரு சூப்பர்வைசர் நாற்பது பேர் முன்னால் ஒருவனை 'டேய் பான்பராக்' என்று கூப்பிட்டால், போய்ச் சொல்ல அவனுக்கு அப்படி ஒரு கதவு வேண்டாமா? டீக்கடை மாஸ்டருக்கும் சூப்பர்வைசருக்கும் வித்தியாசம் உண்டு. மாஸ்டரின் ஜோக் பிடிக்கவில்லை என்றால் பையன் அடுத்த கடைக்குப் போகலாம்.

வார்த்தையைத் தடை செய்தால் போதும் என்கிறவர்களுக்கு ஒரு பர்மா கதை. அங்கே இந்தியர்களை, நம் தமிழர்களையும் சேர்த்துத்தான், 'கலா' என்பார்கள். வெறும் 'அந்நியன்' என்பதில் தொடங்கி வசவாகவே ஆகிவிட்ட வார்த்தை. அது வெறுப்புப் பேச்சில் அதிகமாகப் புழங்குகிறது என்று 2017-ல் ஃபேஸ்புக் நிறுவனம் மொத்தமாக நீக்க ஆரம்பித்தது. கொண்டைக்கடலைக்கும் நாற்காலிக்கும் பர்மிய மொழியில் அந்த வார்த்தை சேர்ந்த பெயர்தான். சமையல் குறிப்பு போட்டவர்கள் பதிவெல்லாம் காணாமல் போனது! பிறகு கம்பெனியே அசடு வழிந்து, இடம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது.

வியாசர்பாடியில் ஒரு பாட்டி. 1964-ல் ரங்கூனில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, சின்னப் பெண்ணாகக் கப்பல் ஏறி மெட்ராஸ் வந்தவர். அவர் மகன்தான் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடை போட்டிருக்கிறார். ஃபேஸ்புக் கதையைச் சொல்லி, "உங்களை கலான்னு கூப்பிட்டவங்கள ஜெயில்ல போட்டிருக்கணுமா ஆயா?" என்று கேட்டேன். முறுக்கிக்கொண்டிருந்த வெத்தலையை வைத்துவிட்டு யோசித்தார்.

"எதுத்த வூட்டு பர்மாக்காரி தெனிக்கும் அப்படித்தான் கூப்புடுவா. 'ஏ கலா, எண்ணெ கொஞ்சம் குடு'ம்பா. நாங்க கெளம்பறப்போ ஜெட்டி வரைக்கும் வந்து அழுதவ அவதான். கடையில சீல் வெச்ச ஆபீசரும் அதே பேச்சுதான் சொன்னான். கூட வந்த சிப்பாய்ங்கள்லாம் சிரிச்சானுங்க."

"அப்போ, ரெண்டு பேர்ல..."

"அந்தாள போட்டிருக்கலாம்" என்றார் பாட்டி. கொஞ்ச நேரம் கழித்து, "அவகிட்ட ஒரு வாட்டி, என் பேரு சொல்லிக் கூப்புடுடீன்னு சொல்லியிருக்கலாம். அப்ப தோணல" என்றார்.