மலிவுப் பெட்டியும் மையின் விலையும்



ஜூன் மாதம் பள்ளிகள் திறந்ததும் பிள்ளைகளை மக்தபுக்கு அழைத்துவரும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளில், சில ஆண்டுகளாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "ஹஜ்ரத், வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கலாம்னு இருக்கோம். எது வாங்கினா கட்டுப்படியாகும்?" ஓதிக்கொடுப்பவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலருக்குத் தோன்றலாம். மக்தபின் பாடத்தாள்களையும் தேர்வு வினாத்தாள்களையும் அச்சிடுவது என் பொறுப்பு என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதே. மணிமங்கலத்தில் நம் சகோதரர்கள் பலர் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் பணிபுரிகிறார்கள். பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வொர்க்‌ஷீட் வந்து சேரும்போது இரவு ஒன்பது மணி ஆகிவிடுகிறது. ஜெராக்ஸ் கடை மூடிவிட்டது. தந்தை இரவு ஷிப்டில் இருக்கிறார். காலையில் பிள்ளை அந்தத் தாளோடு வகுப்புக்குச் செல்ல வேண்டும். இந்த நெருக்கடியில்தான் பலர் கடைக்குச் சென்று, விலை குறைந்த பெட்டியாகப் பார்த்துத் தூக்கி வருகிறார்கள்.

அர்ரஹ்மானின் அடியார்களைப் பற்றிக் கூறும்போது, அவர்கள் வீண்விரயமும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்யமாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்று குர்ஆன் (25:67) எடுத்துரைக்கிறது. குறைந்த விலையில் வாங்குவதையே நாம் சிக்கனம் என்று எண்ணிக்கொள்கிறோம். பிரிண்டரைப் பொறுத்தவரை அது பல நேரம் நேர்மாறாக முடிகிறது. காரணம், நாம் வாங்குவது ஒரு பொருளை மட்டுமன்று. அதற்குப் பல ஆண்டுகள் ஊற்ற வேண்டிய மையையும் சேர்த்தே வாங்குகிறோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது, உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஈரத்தை மேலே வைத்து மக்கள் காணும்படி விற்க வேண்டும் என்பது வணிகருக்கான பாடம். குவியலின் மேற்பரப்பை மட்டும் பார்த்து விலை பேசக்கூடாது என்பது வாங்குவோருக்கான பாடம். பிரிண்டரின் உட்பகுதி எது? ஒரு கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கம் அச்சிடும் என்ற எண். பெரும்பாலும் இது பெட்டியிலோ நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ இருக்கிறது. நாம்தாம் கையை விட்டுப் பார்ப்பதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். விலைகள் அவ்வப்போது மாறும் என்பதால் முழு எண்களாகக் கொள்கிறேன். உங்கள் ஊர் விலையை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் 4,000 ரூபாய். 150 பக்கம் அச்சிடும் கறுப்புக் கார்ட்ரிட்ஜ் 800 ரூபாய். இங்க் டேங்க் பிரிண்டர் 12,000 ரூபாய். 4,500 பக்கம் அச்சிடும் கறுப்பு மைப் புட்டி 400 ரூபாய். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் அவுட் பக்கத்துக்கு 5 ரூபாய். 500 தாள் கொண்ட கட்டு 300 ரூபாய். காலம் மூன்று ஆண்டுகள்.

மாதம் 20 பக்கம் அச்சிடும் வீட்டுக்கு மூன்று ஆண்டுகளில் 720 பக்கம். கார்ட்ரிட்ஜ் வழியில் ஐந்து கார்ட்ரிட்ஜும் தாளும் சேர்த்து 8,600 ரூபாய். இங்க் டேங்க் வழியில், உடன் வரும் மையே போதும் என்றாலும், 12,600 ரூபாய். கடையில் 3,600 ரூபாய்.

மாதம் 100 பக்கம் என்றால் மூன்று ஆண்டுகளில் 3,600 பக்கம். கார்ட்ரிட்ஜ் வழியில் 25,600 ரூபாய். இங்க் டேங்க் வழியில், கூடுதலாக ஒரு புட்டி வாங்கினாலும், 14,800 ரூபாய். கடையில் 18,000 ரூபாய்.

கவனியுங்கள்: குறைவாக அச்சிடுவோருக்குக் கடையே சிக்கனம், அதிகமாக அச்சிடுவோருக்கு இங்க் டேங்க் சிக்கனம். நம்மை முதலில் ஈர்த்த அந்த மலிவுப் பெட்டி இரண்டு கணக்கிலும் வெல்லவில்லை. கையில் 12,000 ரூபாய் இல்லாதவர் 4,000 ரூபாய்ப் பெட்டியை வாங்கி, மற்றவரைவிட ஒவ்வொரு பக்கத்துக்கும் பல மடங்கு விலை கொடுக்கிறார். குறைந்த ஊதியக்காரரே அதிகம் செலுத்தும் இந்த நிலைதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது.

இங்க் டேங்க் பிரிண்டர் பிறந்த கதையும் அறியத்தக்கது. கார்ட்ரிட்ஜ் விலை தாளாமல் வெளியிலிருந்து புட்டியும் குழாயும் பொருத்தி மையூட்டும் வழக்கம் பரவியிருந்த இந்தோனேசியாவில்தான், 2010இல் எப்சன் நிறுவனம் பெரிய மைத்தொட்டி கொண்ட பிரிண்டரை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் கேனான், ஹெச்பி, பிரதர் ஆகியவையும் அவ்வழியே வந்தன. சாமானிய மக்களின் சிக்கனம் ஒரு தொழிலின் போக்கையே திருப்பியது.

வண்ணம் தேவையில்லை, எப்போதாவதுதான் அச்சிடுவேன் என்போருக்கு லேசர் பிரிண்டர் பொருந்தும். அதன் டோனர் தூள் என்பதால் மாதக்கணக்கில் கிடந்தாலும் காய்வதில்லை. நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் காணப்படும் 12ஏ டோனர் 2,000 பக்கம் வரை தரும்; தீர்ந்தால் ரீஃபில் செய்து தருகிறார்கள். எழுத்தும் கூர்மையாக விழும். ஆனால் சூடாகும்போது அதிக மின்சாரம் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்காதீர்கள்.

இங்க் டேங்க் வாங்குவோர் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். நம் வெயிலில் மை முனைகள் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிடுங்கள். சுவர் சுவிட்சை அணைக்காமல், முதலில் பிரிண்டரின் பொத்தானால் அணையுங்கள். அப்போதுதான் முனைகள் மூடப்படும். தேவையின்றி ஹெட் கிளீனிங் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மை வீணாகிறது.

மக்தப் ஆசிரியனாக ஒரு வேண்டுகோள். மையை மிச்சப்படுத்த டிராஃப்ட் முறையில் அச்சிடுவது பள்ளிப் பாடத்துக்குச் சரி; குர்ஆன் வசனங்களுக்கு வேண்டாம். ஃபத்ஹும் கஸ்ரும் மங்கினால், புள்ளி ஒன்று விடுபட்டால், பிள்ளையின் ஓதலே மாறிவிடும். வசனம் அச்சான தாள்களைக் குப்பையில் எறியாமல் கண்ணியமாக அப்புறப்படுத்துங்கள். ஆகவே வசனங்களைத் தேவைக்கு மேல் அச்சிடாதிருப்பதே சிறந்தது.

சரி, 12,000 ரூபாய்க்கு எங்கே போவது? கடைக்காரர் உடனே தவணையைக் காட்டுவார். "வட்டியில்லாத் தவணை" என்று எழுதியிருந்தாலும் விதிகளைப் படியுங்கள். பல திட்டங்களில் வங்கி வட்டி கணக்கிடுகிறது. அதே அளவு தொகை விலையில் தள்ளுபடியாகக் காட்டப்படுகிறது. அந்த வட்டியின் மீது வரியும் சேர்கிறது. ஐயமிருந்தால் உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் வேறு வழி கண்டன. ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டு ஓர் இங்க் டேங்க் பிரிண்டரைக் கூட்டாக வாங்கின. ஒருவர் பங்கு மலிவுப் பெட்டியின் விலையைவிடக் குறைவு. ஒவ்வொரு வீடும் மாதம் 25 பக்கம் என்றாலும் மொத்தம் 100 பக்கம். இங்க் டேங்க் வெல்லும் கணக்குக்குள் வந்துவிட்டார்கள். நாள்தோறும் பயன்படுவதால் முனைகளும் காய்வதில்லை. மூன்று குடும்பங்கள் உடனே பணம் தந்தன. ஒப்பந்தத் தொழிலாளியான நான்காமவருக்கு மற்றொருவர் அழகிய கடனாகக் கொடுத்தார்.

இவ்வாறு செய்வோர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு குர்ஆன் (2:282) கட்டளையிடுகிறது. யாருடைய பங்கு எவ்வளவு, மைக்கும் தாளுக்கும் எப்படிப் பகிர்வது, பழுதானால் யார் பொறுப்பு, ஒருவர் வீடு மாறினால் பங்கை என்ன விலைக்குத் திருப்புவது ஆகிய நான்கும் போதும். பக்க எண்ணிக்கையைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரிண்டர் அருகே வையுங்கள். பிரிண்டர் இருக்கும் வீட்டுக்கு எந்த நேரம் வரை வரலாம் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். அடுத்த வீட்டாரின் நிம்மதியும் அவர்களுடைய உரிமையே.

எனவே கடைக்குப் புறப்படுமுன், சென்ற மாதம் எத்தனை பக்கம் அச்சிட்டோம் என்று வீட்டில் எண்ணிப் பாருங்கள். அந்த எண் சிறியதாக இருந்தால், பிரிண்டர் வாங்குமுன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

நம் சம்பாத்தியத்திலும் செலவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ளதாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.