கல்வியியற் கல்லூரியும் பல்கலைக்கழகத் தகைமையும்

1974ஆம் ஆண்டிலே பரமேசுவராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பெற்றது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற் தலைவரானார். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கட்டடங்கள் முன்னரே இருந்தன. பல்கலைக்கழகத்தையோ புதிதாக ஆக்க வேண்டியிருந்தது. ஆசிரியரை உருவாக்கும் கல்லூரிகளைப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமாக உயர்த்தலாமா என ஆராய்வோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய கல்வியியற் கல்லூரிகளுள் கோப்பாயிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரியும் ஒன்று. அங்குப் பயில்வோர் ஈராண்டு கல்லூரியிலே கற்பர். மூன்றாம் ஆண்டிலே பாடசாலையொன்றிற் கட்டுறுப் பயிற்சி பெறுவர். செய்து பழகும் இவ்வாண்டே இக்கல்லூரிகளின் பெருவன்மை எனலாம். ஆயின், பல்கலைக்கழகத்துக்குப் பயிற்றுதல் மட்டும் போதாது. விரிவுரையாளர் ஆராய்ச்சியிற் பயின்றவரா? ஆராய்வதற்கு அவருக்கு ஓய்வு உண்டா? நூலகம் அதற்கு இடந்தருமா? மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வகுத்தளிக்கும் பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமையும் ஆற்றலும் உளவா? இவற்றுக்கு விடை கூறாது பெயர்ப்பலகையை மாற்றுதல் பயனற்றது.

இவ்வினாக்களை யாழ்ப்பாணத் தீவகத்திலே நின்று நோக்கின் அவற்றின் கனம் புலனாகும். நெடுந்தீவுக்குச் செல்லும் ஆசிரியர் குறிகட்டுவானிலே படகேறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலைக் கடத்தல் வேண்டும். காற்றுக் கடுமையாயின் அப்பயணமும் இல்லை. 1990களின் இடப்பெயர்வால் மக்கள்தொகை குன்றிய தீவுகளிலே மாணவர் சிலரே பயிலும் பாடசாலைகள் உள. அத்தகைய இடத்தில் ஓர் ஆசிரியர் பல வகுப்புகளை ஒருங்கே நடத்துவது எங்ஙனம்? ஆசிரியரை அங்கு நிலைத்திருக்கச் செய்வன எவை? பட்டம் பெற்றவர் நகரத்தையே நாடுவாராயின், கல்லூரி உயர்ந்ததனால் நெடுந்தீவுப் பிள்ளை பெற்ற நன்மை யாது? இவற்றை ஆராய்ந்து விடை காணும் நிறுவனமே பல்கலைக்கழகம் என்னும் பெயருக்கு உரியது.

இது புதுமையான எதிர்பார்ப்பன்று. 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிலே பிறந்த தனிநாயகம் அடிகள், இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வியியல் விரிவுரையாளராகவும் பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்தவராகவும் விளங்கினார். கற்பித்தலும் ஆராய்தலும் அவரிடத்தே பிரிந்து நிற்கவில்லை.

ஆதலின், முதற்கண் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து ஆராய்ச்சியைத் தொடங்குதலும், கட்டுறுப் பயிற்சியைக் குறைக்காது தீவகப் பாடசாலைகளுக்கு விரித்தலும் செயற்பாலன. பட்டம் வழங்கும் அதிகாரம் அவற்றைத் தொடர்ந்து வரட்டும். வரிசை மாறின், ஆசிரியர் கல்லூரியொன்றை இழந்து பெயரளவிலான பல்கலைக்கழகமொன்றைப் பெற்றதாகவே முடியும்.