ஓரக் குறிப்பு

கோவையில் பொறியியல் பயின்ற நாள்களில், அசெம்பிளி மொழியில் எழுதிய சிறு நிரல்கள் எங்களிடையே தாள் தாளாகக் கைமாறும். 1976இல் இன்டெல் வெளியிட்ட 8085 நுண்செயலிக்குப் பெருக்கத் தெரியாது. கூட்டவும் கழிக்கவுமே தெரியும். ஆகவே 7ஐ ஐந்து முறை கூட்டச் செய்வோம். 80 என்றால் கூட்டு. 76 என்றால் நில். எண்களைத் தட்டி முடித்ததும் பயிற்சிக் கருவியில் ஒளிரும் விடையோ 23! 35 எங்கே போயிற்று?

வெறும் நிரலைத் தந்தோர் அநேகர். அதை ரெக்கார்டு நோட்டில் பெயர்த்தெழுதி மதிப்பெண் பெற்றோரும் உண்டு. தோழன் ஒருவன் மட்டும் தன் தாளின் ஓரத்தில் தமிழில் எழுதியிருந்தான்: 'இது பதினாறின் கணக்கு, இரு பதினாறும் மூன்றும் முப்பத்தைந்து.' அத்தாளைப் பெற்றவர்கள் மறுவாரமே வகுத்தலுக்கான நிரலைத் தாமே எழுதினர். திரும்பத் திரும்பக் கழித்தால் வகுத்தல்தானே!