பழசு வாங்கப் பொன்மலைக்கு வாங்க!

திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பொன்மலை சந்தைதான். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை இடம்பெயர்ந்து வந்த ஊர் இது. சந்தையில் காய்கறிக் கடைகளைத் தாண்டினால் பழைய சாமான்கள். வீட்டை அழகுபடுத்த ஆசை, பட்ஜெட்தான் இடிக்கிறது என்பவர்கள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

பெயிண்ட் உரிந்த ஸ்டூல் நமக்கு வெறும் பழசு. அமெரிக்காவில் ரேச்சல் ஆஷ்வெல் என்பவர் 1989-ல் இப்படிப்பட்ட பொருட்களுக்காகவே ‘ஷேபி சிக்’ என்ற பெயரில் கடை திறந்தார். பேர் மாறினால் விலையும் ஏறும்தானே!

தள்ளுபடியில் வாங்கும் பளபள பார்ட்டிகிள் போர்டு மேஜை, தண்ணீர் பட்டால் உப்பிவிடும். நல்ல மரம் அப்படியில்லை. ஆனால், பார்த்து வாங்கணும். ஸ்டூலைக் கவிழ்த்து, பெயிண்ட் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டினால் மாவு மாதிரித் தூள் கொட்டுகிறதா? உளுத்த மரம், நகர்ந்துவிடுங்கள். பையில் ஒரு சின்னக் காந்தமும் இருக்கட்டும். ‘பித்தளை விளக்கு’ அதில் ஒட்டினால், உள்ளே இருப்பது இரும்பு. ஒட்டாவிட்டாலும் கையில் தூக்கி கனம் பாருங்கள். நிஜப் பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்த்தாலே பளிச்சென்று ஆகிவிடும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

பெரிய சாமான் என்றால் ஆட்டோ வாடகையையும் மனசுக்குள் கூட்டிக்கொண்டு, “கடைசியா என்ன விலைண்ணே?” என்று ஆரம்பியுங்கள்.