அப்பாவுக்கு அனுப்பிய படங்கள்

குமரி மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் வீட்டை அடையாளம் காண்பது எளிது. கட்டிலுக்கு அடியிலோ மச்சிலோ ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி கிடக்கும். மூடியில் வெள்ளைப் பெயிண்டால் ஆங்கிலத்தில் எண், ராங்க், பெயர். ஆள் பென்ஷனில் வந்தபிறகு அந்தப் பெட்டிக்குள் நிலப்பத்திரமும் கல்யாணப் பட்டும் குடியேறும். மேலே உள்ள எழுத்து மட்டும் அப்படியே இருக்கும். எங்கள் தெருவில் மட்டும் இப்படி ஆறு பெட்டிகள் உண்டு.

இதற்குப் பழைய காரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரோடு இருந்தது. மார்த்தாண்ட வர்மாவின் படை 1741ல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது இங்கே, குளச்சலில்தான். விடுதலைக்குப் பிறகு திருவிதாங்கூர் அரசின் படைப்பிரிவுகள் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தன. அதன் 9ஆம், 16ஆம் பட்டாலியன்களின் பெயரில் இன்றும் திருவிதாங்கூர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த பையனுக்குக் குன்னூரை ஒட்டிய வெலிங்டன் ரெஜிமெண்ட் மையம் அன்னிய இடமே இல்லை, யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ அங்கே போயிருப்பார். அப்பாவும் அப்படிப் போனவர்தான்.

அவர் பெட்டியில் ஒரு பழைய ஆல்பமும், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பிளாஸ்டிக் உறையும் இருந்தன. இரண்டிலும் சேர்த்து, 1986 முதல் 1991 வரை, 38 படங்கள். நான் பிறந்தது 1986 நவம்பரில், செகந்திராபாத் ராணுவ மருத்துவமனையில். அந்த ஐந்து வருடத்தைப் பற்றி என்னிடம் இருக்கும் சாட்சி இவ்வளவுதான். போன வருடம் லீவில் வந்தபோது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, தேதிவாரியாக ஒரு எக்செல் அட்டவணையில் அடுக்க ஆரம்பித்தேன்.

இப்போது எடுக்கிற படம் தன் நாளையும் நேரத்தையும் தானே சுமந்துகொண்டு வரும். இவற்றுக்கு அது கிடையாது. வேறு தடயங்களைத் தேட வேண்டும். செகந்திராபாத் படத்தில் நான் படுத்திருக்கும் இரும்புக் கட்டிலின் காலில் எம்.இ.எஸ் என்று போட்டு ஓர் எண். ராணுவக் குடியிருப்புகளில் கட்டில், மேசை, நாற்காலி எல்லாமே மிலிட்டரி எஞ்சினியர் சர்வீசஸ் கொடுப்பவை. வீட்டைக் காலி செய்யும்போது எண்ணைச் சரிபார்த்துத்தான் திருப்பி வாங்குவார்கள். ஆக, எண் தெரிகிற படமெல்லாம் குவார்ட்டர்ஸ் படம். ஓடும் நார்க்கட்டிலும் தெரிந்தால் ஊர்ப் படம். இப்படிப் பிரித்தபோது ஒன்று தெரிந்தது: 38ல் 27 படங்கள் 1987 அக்டோபருக்குப் பிறகு எடுத்தவை. அத்தனையும் ஊரில். ஒன்றில்கூட அப்பா இல்லை.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குப் போனது. அக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கியது. அந்த மாதத்தில்தான் அப்பாவின் பிரிவும் கப்பல் ஏறியது. பதினோரு மாதக் குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா ஊருக்கு வந்துவிட்டாள்.

நான் ஆல்பத்தையும் உறையையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது பல படங்கள் இரண்டிரண்டாக இருந்தன. வடசேரி ஸ்டுடியோவில் அம்மா எப்போதும் ரெண்டு காப்பி கேட்பாளாம். ஒன்று ஆல்பத்துக்கு, ஒன்று அப்பாவுக்கு. ஆல்பத்தில் உள்ளது மொறுமொறுவென்று புதிதாக இருக்கிறது. உறையில் உள்ளது நடுவில் மடித்த கோடு வெளுத்து, ஓரம் நைந்து, வியர்வைக் கறையோடு இருக்கிறது. போஸ்ட்கார்டு அளவுப் படம் யூனிஃபார்ம் சட்டைப் பைக்குள் அடங்காது. மடித்துத்தான் வைக்க வேண்டும்.

தேதி இருந்ததும் இந்த மடித்த படங்களின் முதுகில்தான். அம்மா பென்சிலில் எழுதியிருக்கிறாள். ‘நடக்கிறான். 3.1.88.’ ‘திருச்செந்தூர் மொட்டை.’ ‘பேச்சு நிக்கவே மாட்டேங்கு.’ ஆல்பத்தில் உள்ள பிரதிகளின் முதுகு வெறும் வெள்ளை. எங்களிடமே இருக்கிற படத்துக்கு எதற்குக் குறிப்பு?

இது புரிந்தபிறகு படங்களே வேறு மாதிரி தெரிந்தன. ஆறு படங்களில் நான் எங்கள் முன்வாசல் கதவில் முதுகை ஒட்டி விறைப்பாக நிற்கிறேன். ஏன் எப்போதும் கதவு? “ஒனக்க உயரம் அப்பாவுக்குத் தெரியண்டாமா மக்ளே? அந்தக் கதவு அவியளுக்குத் தெரியும்லா,” என்றாள் அம்மா. முதல் படத்தில் என் தலை கீழ்ப்பலகைக்குச் சற்று மேலே. கடைசிப் படத்தில் நாதாங்கிக்கு ஒரு சாண் கீழே. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஒரு கதவை வைத்து மகனை அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. எண், பெயர், பிரிவு, கடைசியில் ‘56 ஏபிஓ’ என்கிற மாதிரி ஒரு ராணுவத் தபால் எண். களத்தில் இருப்பவர் எந்த மலையில், எந்தக் காட்டில் என்று வீட்டுக்குத் தெரியாது. இன்லண்ட் லெட்டருக்குள் எதையும் வைக்கக் கூடாது என்பதால் படத்துக்குக் கவர்தான். பதில் வர மூன்று வாரமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். அவ்வளவு தாமதமாகப் போய்ச் சேருகிற ஒன்றில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று இரண்டு பக்கமும் ஒரு கணக்கு இருந்தது.

1989 ஸ்டுடியோ படம் ஒன்றில் அம்மா நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள், நான் நாற்காலிமேல். அவளுடைய இடது கை நாற்காலி முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அங்கே வெள்ளையாக ஏதோ துணி விளிம்பு. கேட்டேன். அம்மா சிரித்தாள். “குளத்துப் படியில வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு போச்சு. மாவுக்கட்டு போட்டிருந்தாவ. கட்டு தெரியாம எடுங்கன்னு நாந்தான் ஸ்டுடியோக்காரருகிட்ட சொன்னேன். அங்கண கெடந்து அவிய என்ன செய்யப் போறாவ?”

அப்பா இலங்கையிலிருந்து அனுப்பியவை மூன்றே படங்கள். ஒன்றில் வெள்ளை பனியனோடு ஒரு பனைமரத்தடியில் நிற்கிறார். ஆச்சி அதைப் பார்த்து, “இது நம்ம சாமிதோப்பு பக்கம் போலல்லா இருக்கு,” என்று நிம்மதி அடைந்தாளாம். அந்தப் படம் மற்ற இரண்டைவிட ஓர் அங்குலம் அகலம் குறைவு. வலது ஓரம் கத்தரியால் வெட்டியது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“பக்கத்துல ரைஃபிள் சாத்தி வச்சிருந்தேன். ஒங்கம்ம பயப்படுவாள்ளா.”

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் கேட்காமலே ஒன்று சொன்னார். அந்த இடத்துக்குப் பக்கத்து ஊரில் வீடு வீடாகச் சோதனை. ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருத்தி இவர் முகத்தைப் பார்த்து, “தம்பி, நீங்கள் எவடம்?” என்று கேட்டாளாம். நம்ம ஊர்ப் பேச்சு மாதிரியே இருந்தது என்றார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இந்தியில பதில் சொன்னேன்.”

அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் அந்த மண்ணில் இறந்தார்கள். இறந்த தமிழ்ப் பொதுமக்களின் கணக்கு இன்னும் தீராத வழக்கு. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படை திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழ்நாட்டுத் தெருக்களில் பலர் அதைச் சரி என்றார்கள். அப்பா எந்தப் பக்கத்தில் நின்று அதைக் கேட்டார் என்று எந்தப் படத்திலும் இல்லை.

அவர் திரும்பி வந்ததைப் பற்றி அம்மா சொல்வது ஒன்றுண்டு. “அப்பா எங்கலேன்னு கேட்டா நீ சுவத்துல மாட்டுன போட்டோவக் காட்டுவ. ஆளு முன்னால வந்து நின்ன பொறவும் ரெண்டு மூணு நாளு சுவத்தத்தான் காட்டுன.” இடையில் ஒரே ஒரு தடவை லீவில் வந்திருக்கிறார். எனக்கு அப்போது ஒன்றரை வயது. அது எனக்கு எங்கே நினைவிருக்கும்?

அட்டவணையை முடித்தபோது கடைசியாக ஒரு இடைவெளி மிஞ்சியது. 1990 பிப்ரவரியில் ஒரு படம் இருக்கிறது, மடித்தது, முதுகில் தேதியோடு. அடுத்தது 1991 ஜூன். அப்பா ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ்ஸில் ஏறி ஜம்முவுக்குப் போன மாதம். நாகர்கோவிலில் ஏறினால் கிட்டத்தட்ட மூன்று நாள். நான் கதவில் சாய்ந்து நிற்கிறேன், தலை நாதாங்கியைத் தொட்டுவிட்டது. நடுவில் பதினாறு மாதம் ஒரு படம்கூட இல்லை. என் வேலையில் லாக் கோப்பில் பதிவு எதுவும் விழாத நேரம் என்றால் அங்கே ஏதோ நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். ஆல்பம் தொலைந்ததா, படம் நனைந்து போனதா என்று அம்மாவிடம் கேட்டேன்.

“அப்போ நாம திருவனந்தபுரம் பாங்ஙோடு குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். அவிய தினம் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருவாவ. பொறவு ஆருக்குப் போட்டோ எடுக்கதுக்கு?”

நினைவு என்று சொல்ல எனக்கு முதலில் கிடைப்பதும் அந்தப் பதினாறு மாதத்திலிருந்துதான். சிமெண்ட் திண்ணையில் பழைய செய்தித்தாள் விரித்து அப்பா பெல்ட் பக்கிளுக்குப் பிராஸோ போடுகிறார். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது என் வேலை. அந்த வாடையில் கண் எரியும், ஆனாலும் வேறு யாரிடமும் டப்பாவைக் கொடுக்க மாட்டேன். இதற்குப் படம் கிடையாது, பென்சில் தேதி கிடையாது.

அட்டவணையில் அந்த வரிசையை அழிக்காமல் விட்டிருக்கிறேன். படம் எண்: இல்லை. இடம்: பாங்ஙோடு. குறிப்பு: அப்பா வீட்டில் இருந்தார்.